தூளிலிருந்து செடி: அரிய பெரணிகளை வீட்டிலேயே பெருக்கலாம்

(வானொலியின் வேளாண் ஒலிபரப்பில் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெல், வாழை, மிளகு, காப்பி என்று பேசிப் பழகிய இந்த நேரத்தில், இன்று பூக்காத, காய்க்காத, விதையே இல்லாத ஒரு செடியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுதான் பெரணி. ஓடைக்கரையிலும், ஈரப் பாறை இடுக்கிலும், பழைய கிணற்றுச் சுவரிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இளம் இலை கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்து, மெல்ல மெல்ல அவிழ்ந்து விரியும். மலை உச்சிச் சோலைகளில் தென்னங்கன்று போல அடிமரத்தோடு நிற்கிற மரப்பெரணியும் இந்த இனம்தான். பூமியில் சுமார் 36 கோடி ஆண்டுகளாக இருந்து வருகிற தாவரக் கூட்டம் இது. பூக்கும் செடி தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே பெரணி வந்துவிட்டது.

"இதை வளர்த்து என்ன லாபம்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று நகரங்களில் வீட்டு வாசலிலும், ஓட்டல் வரவேற்பறையிலும், அலுவலக மேஜையிலும் நிழலில் வளரும் செடிக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. பூங்கொத்து கட்டுபவர்களுக்குப் பெரணி இலை தினசரி தேவை. ஆனால், அந்தக் கிராக்கியை ஈடுகட்டச் சிலர் சுலப வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். காட்டுக்குள் போய், இருக்கிற செடியைக் கிழங்கோடு பெயர்த்து, சாக்கில் கட்டி எடுத்து வருவது. அந்த வழி இருவருக்கும் நஷ்டம் என்பதையும், அதைவிட நல்ல வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் இந்த உரை.

பெயர்த்த செடி ஏன் சாகிறது?

நாம் எல்லோரும் அறிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போனால், சாலையோரக் கடைகளில் ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு ரோமத்தோடு ஒரு கிழங்கை அடுக்கி வைத்திருப்பார்கள். முடவாட்டுக்கால் என்று பெயர். மூட்டுவலிக்கு நல்லது என்று சூப் வைத்துக் குடிக்கிறார்கள். வைத்தியத்தைப் பற்றி வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நான் செடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது உண்மையில் கிழங்குச் செடியே இல்லை. பாறை மேலும் மரத்தின் மேலும் ஒட்டிப் படர்கிற ஒரு பெரணியின் தண்டு அது. தாவரவியலில் டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்பார்கள்.

அந்தச் செடியை உற்றுப் பாருங்கள். இரண்டு விதமான இலை இருக்கும். ஒன்று நீளமான பச்சை இலை. மற்றொன்று சிறியது, அகலமானது, சருகு மாதிரி பழுப்பாகத் தண்டை அணைத்தபடி நிற்கும். காய்ந்த இலை என்று எண்ணிப் பிய்த்துவிடாதீர்கள். மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் மழைநீரையும் கூடை மாதிரி பிடித்துவைத்து, செடிக்கு எரு சேர்த்துக் கொடுப்பது அந்த இலைதான். மொட்டைப் பாறையில் மண்ணே இல்லாத இடத்தில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே தயாரித்துக்கொள்கிற செடி அது. அந்த ஏற்பாடு அமைய எத்தனையோ மழைக்காலம் ஆகியிருக்கும். கிழங்கை உரித்தெடுக்க ஒரு நிமிஷம் போதும்.

முடவாட்டுக்கால் நாட்டின் பல பகுதிகளிலும் இருக்கிற வகை. அதனால் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால், ஒரே ஒரு மலைத்தொடரில், சில ஓடைப் பள்ளங்களில் மட்டும் இருக்கிற பெரணிகளும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. அவற்றில் பத்துச் செடியைப் பெயர்த்தால் அந்தப் பள்ளத்தில் மிச்சமே இராது.

சரி, பெயர்த்துக் கொண்டுபோன செடியாவது பிழைக்கிறதா? "சார், மலையிலிருந்து வாங்கி வந்தேன், இருபது நாளில் இலையெல்லாம் கருகிப் போச்சு" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். காரணம் இருக்கிறது. பெரணியின் வேர் தலைமயிர் மாதிரி மெல்லியது. பாறையோடு ஒட்டிய வேரைப் பிய்க்கும்போது முக்கால்வாசி அறுந்துவிடும். அதோடு, ஈரப்பதம் நிறைந்த குளிர் காற்றில் விரிந்த இலை, சமவெளியின் வறண்ட காற்றைத் தாங்காது. மாறாக, சின்ன நாற்றிலிருந்தே தொட்டியில் வளர்ந்த செடிக்கு வேர் முழுசாக இருக்கும்; உங்கள் வீட்டுக் காற்றுக்கும் தண்ணீருக்கும் பழகியிருக்கும். விற்கிறவருக்கும் பேர் கெடாது, வாங்குகிறவருக்கும் பணம் வீணாகாது.

பெரணியின் இரண்டு பிறவி

விதை இல்லாத செடி எப்படிப் பெருகும்? முற்றிய பெரணி இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பழுப்புப் புள்ளிகளோ கோடுகளோ வரிசையாக இருக்கும். பூச்சி முட்டை, நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள்கூட உண்டு. நோய் இல்லை. அவைதான் வித்துக் கூட்டங்கள். முற்றி வெடிக்கும்போது அதிலிருந்து மூக்குப்பொடி மாதிரி தூள் கொட்டும். ஒரே இலையிலிருந்து லட்சக்கணக்கில் வித்து கிடைக்கும்.

இந்த வித்து முளைத்தால் நேராகப் பெரணி வராது. அங்கேதான் வேடிக்கை. முதலில் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிதாக, இதய வடிவத்தில், தரையோடு ஒட்டிய ஒரு பச்சைத் தகடு வரும். இதற்கு முன்னுடலம் என்று பெயர். அந்தத் தகட்டின் அடியில்தான் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டாகின்றன. ஆண் அணு நீரில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர்ந்தால், அந்த இடத்திலிருந்து நாம் பார்க்கிற பெரணிக் கன்று தலைகாட்டும். ஆக, பெரணிக்கு இரண்டு பிறவி. ஜெர்மானியத் தாவரவியலார் ஹோஃப்மைஸ்டர் 1851-இல் இந்தத் தலைமுறை மாற்றத்தைத் தெளிவாக விளக்கி நூல் எழுதினார்.

இதிலிருந்து மூன்று விஷயங்களை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும். முளைக்க வெளிச்சம் வேண்டும், ஆகவே வித்தை மண்ணால் மூடக்கூடாது. சேர நீர் வேண்டும், ஆகவே ஈரம் குறையக்கூடாது. தகடு மிகவும் மென்மையானது, ஆகவே பூஞ்சாணமும் பாசியும் முந்திக்கொள்ளக் கூடாது. இனி சொல்லப்போகிற முறையெல்லாம் இந்த மூன்றுக்குள் அடக்கம்.

தூள் எங்கே, எப்படி எடுப்பது?

முதலில் எங்கே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டிலிருந்து வனத்துறை அனுமதியில்லாமல் செடியோ கிழங்கோ எடுப்பது குற்றம். இலை ஒன்றுதானே என்று நீங்களாகவே தீர்மானித்துக்கொள்ளாதீர்கள், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மரப்பெரணிகளில் பெரும்பாலானவை சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஆனால், உங்கள் சொந்தக் காப்பித் தோட்டத்தில், பட்டா நிலத்து ஓடையோரத்தில், பக்கத்து வீட்டுத் தொட்டியில், முறையாக நடக்கும் நாற்றங்காலில் இருக்கிற செடியிலிருந்து ஓர் இலைத் துண்டு கேட்டு வாங்கினால் போதும். தாய்ச்செடி அங்கேயே இருக்கும்.

எந்த இலையை எடுப்பது? வித்துக் கூட்டம் பச்சையாகவோ வெளிறியோ இருந்தால் முற்றவில்லை. கிழிந்து, பஞ்சு மாதிரி துருநிறத்தில் இருந்தால் தூள் கொட்டிப் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே, கரும்பழுப்பாகப் பளபளப்போடு உப்பி இருக்கிற பருவம்தான் சரி. ஒரு சாதாரணப் பூதக்கண்ணாடி இருந்தால் சுலபமாகத் தெரியும். ஒரே இலையில் நுனியில் ஒரு பருவமும் அடியில் ஒரு பருவமும் இருக்கக்கூடும், கவனித்து வெட்டுங்கள்.

வெட்டிய துண்டை ஓடும் நீரில் ஒருமுறை அலசி, ஈரம் போக ஒற்றியெடுங்கள். வேறு பெரணியின் தூள் ஒட்டியிருந்தால் போய்விடும். பிறகு வெள்ளைத் தாளில் புள்ளிப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, இன்னொரு தாளால் மூடி, காற்று வீசாத அறையில் வையுங்கள். மின்விசிறி வேண்டாம்; அடுத்த நாள் காலையில் தாள் மட்டும்தான் இருக்கும்! ஒன்று முதல் மூன்று நாளில் தாளின் மேல் இலை அச்சு மாதிரி தூள் படிந்திருக்கும்.

அதில் வித்தும் இருக்கும், உமியும் இருக்கும். தாளைச் சற்றுச் சாய்த்து, அடியில் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். உமி முதலில் உருண்டு ஓடிவிடும். நுண்மையான வித்து தாளோடு ஒட்டி நிற்கும். நம் பெண்கள் முறத்தில் புடைக்கிற சூட்சுமம்தான் இது. உமியை நீக்காவிட்டால் பூஞ்சாணம் அதில்தான் முதலில் பிடிக்கும்.

சுத்தம் செய்த தூளைக் காகித உறையில் போட்டு, செடியின் பெயர், எடுத்த இடம், தேதி எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துக் கெட்டுவிடும். பழுப்பு, மஞ்சள், கறுப்பு நிறத் தூள் பல மாதம் கெடாது. உறையை இறுக்கமான டப்பாவில் வைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் நீண்ட காலம் தாங்கும். ஆனால், ஆஸ்மண்டா போன்ற சில வகைகளின் வித்து பச்சை நிறமாக இருக்கும். அது சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் உயிர் இழந்துவிடும். பச்சைத் தூள் கிடைத்தால் அன்றோ மறுநாளோ விதைத்துவிட வேண்டும்.

இட்லிப் பானையில் மண் வேகட்டும்

வளர்ப்பு மண்ணுக்கு நன்றாக மக்கிய இலை மக்கு இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று நான்கு தடவை நல்ல நீரில் அலசிப் பிழியுங்கள். எல்லாவற்றையும் சல்லடையில் சலித்து ஈரமாக்கிக் கலந்துகொள்ளுங்கள்.

இந்தக் கலவையில் பாசி, பூஞ்சாணம், புழு முட்டை, மற்ற பெரணிகளின் வித்து எல்லாம் இருக்கும். அவை இருக்கிற வரை உங்கள் வித்துக்கு இடமில்லை. ஆகவே கலவையைத் துணியில் கட்டி, இட்லிப் பானையில் தட்டின் மேல் வைத்து, ஆவி வந்த பிறகு அரைமணி நேரம் வேகவிடுங்கள். இதற்கென்று பழைய பானை ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை வராது.

பாத்திரத்துக்குப் பலகாரக் கடையில் தருகிற மூடியுள்ள, உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் டப்பா மிகவும் நல்லது. வாயகன்ற கண்ணாடி ஊறுகாய் பாட்டிலும் ஆகும். டப்பாவையும் மூடியையும் சோப்புப் போட்டுக் கழுவி, சூடான நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். கலவை கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் டப்பாவில் இரண்டு அங்குல உயரத்துக்குப் போட்டு, மேற்பரப்பை லேசாக அழுத்திச் சமன் செய்து மூடிவிடுங்கள். முழுவதும் ஆறிய பிறகுதான் விதைப்பு.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. நன்கு சுட்ட, மிருதுவான செங்கல் துண்டை நீரில் அரைமணி கொதிக்கவிட்டு, ஒரு தட்டில் அரை அங்குல நீர் விட்டு அதில் நிறுத்துங்கள். செங்கல் நீரை உறிஞ்சி எப்போதும் ஈரமாக இருக்கும். அதன் மேற்பரப்பில் வித்தைத் தூவி, கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து மூடினால் போதும். கிணற்றுச் சுவரில் பெரணி முளைப்பதும் இதே மாதிரிதான்.

விதைப்பு

விதைக்கும் நாளில் ஒரே ஒரு வகையை மட்டும் விதையுங்கள். இரண்டு வகைத் தூளை ஒரே மேஜையில் பிரித்தால் இரண்டும் கலந்துவிடும். ஆறு மாதம் கழித்துத்தான் அது தெரியவரும். தாளை மடித்து, ஒரு சிட்டிகைக்கும் குறைவான தூளை டப்பாவின் மேலிருந்து தட்டுங்கள். மண் போட்டு மூட வேண்டாம். கொதித்து ஆறிய மழைநீரைக் கைத்தெளிப்பானில் விட்டுப் பனி மாதிரி ஒருமுறை தெளித்து, மூடியை இறுக்குங்கள். வெளியே பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

தூளை அள்ளி வீசாதீர்கள். நெருக்கமாக முளைத்தால் இட நெருக்கடி மட்டுமல்ல, இன்னொரு விபரீதமும் உண்டு. முதலில் வளர்ந்த தகடு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும்; பல பெரணிகளில் அது பக்கத்தில் இருக்கிற சின்னத் தகடுகளை எல்லாம் ஆணாகவே ஆக்கிவிடும். கூட்டம் அதிகமானால் ஆண் அதிகம், கன்று குறைவு. நாற்றங்காலில் விதை நெல்லைப் பரவலாகத் தூவுவது போல இதிலும் கை அடக்கம் வேண்டும்.

மூடிய டப்பாவுக்குள் செடி மூச்சு முட்டாதா என்று சிலர் கவலைப்படுவார்கள். லண்டனில் வார்டு என்கிற மருத்துவர் 1829-இல் ஒரு கூட்டுப்புழு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக ஈர மண்ணோடு அதைப் பாட்டிலில் போட்டு மூடிவைத்தார். அந்த மண்ணிலிருந்து தானாகவே ஒரு பெரணி முளைத்தது. புகை சூழ்ந்த அந்த நகரத்தில், வெளியே நட்ட பெரணி எல்லாம் வாடிப்போன இடத்தில், பாட்டிலுக்குள் இருந்தது வளர்ந்தது. ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே வந்துவிடுகிறது. கப்பலில் செடிகளைக் கடல் கடத்த உதவிய கண்ணாடிப் பெட்டி பிறந்தது இந்தக் கவனிப்பிலிருந்துதான். நம் பலகார டப்பாவும் அதன் தம்பிதான்.

டப்பாவை வடக்கு ஜன்னல் ஓரத்தில், வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் அரைமணியில் உள்ளே வெந்துவிடும். குழல் விளக்கின் அடியில் ஒரு முழம் தள்ளி வைத்தாலும் சரி. 20 முதல் 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் பெரும்பாலான வகைக்கு ஏற்றது. மலையில் இது இயல்பாகவே கிடைக்கும். சமவெளியில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் விதையுங்கள். டப்பாவை அகலச் சட்டியில் ஈர மணலின் மேல் வைத்தால் சூடு தணியும்.

பொறுமையான மாதங்கள்

இரண்டு முதல் நான்கு வாரத்தில் மண் மேல் பச்சைப் பனி படர்ந்த மாதிரி தெரியும். பாசியா, பெரணியா என்று சந்தேகம் வரும். பூதக்கண்ணாடியில் தனித்தனிப் பொட்டாகத் தெரிந்தால் பெரணி. வழவழவென்று ஒரே படலமாக இருந்தால் பாசி. இரண்டு மூன்று மாதத்தில் இதய வடிவத் தகடுகள் தெளிவாகும். இந்தச் சமயத்தில் வாரம் ஒருமுறை ஆறிய மழைநீரைத் தகடுகள் நன்றாக நனையும்படி தெளியுங்கள். ஆண் அணு நீந்துவதற்கு நீங்கள் கொடுக்கிற ஆறு அது. பலரும் தோற்கிற இடம் இதுதான். தகடு பச்சைப் பசேலென்று இருக்கும், கன்று வராது. ஈரம் இருந்தால் போதாது, தகட்டின் அடியில் நீர்ப்படலம் நிற்க வேண்டும்.

அதன் பிறகு, ஒரு நாள் தகட்டின் பிளவிலிருந்து குண்டூசித் தலை அளவு சின்ன இலை ஒன்று எழும்பும். விதைத்த மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இதை எதிர்பார்க்கலாம். சில வகைகள் ஓராண்டுகூட எடுக்கும். பச்சையாக இருக்கிற வரை டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள்.

நடுவில் வெள்ளைப் பூஞ்சாணம் தென்பட்டால், அந்த இடத்தைச் சுற்றிலும் சேர்த்துக் கரண்டியால் வழித்தெடுத்து, தினம் பத்து நிமிஷம் மூடியைத் திறந்து வையுங்கள். போர்டோக் கலவை போன்ற தாமிர மருந்தைத் தெளிக்க வேண்டாம்; அது தகட்டையே கருக்கிவிடும். கொசு மாதிரி சின்னக் கறுப்பு ஈ உள்ளே பறந்தால், அதன் புழு தகட்டைத் தின்னும். மூடி இறுக்கமில்லை என்று அர்த்தம்.

நாற்று பிரித்தல்

கன்றுக்கு மூன்று நான்கு இலை வந்ததும், சின்னச் சின்னக் கொத்தாகக் கரண்டி நுனியால் மண்ணோடு எடுத்து, வேறொரு டப்பாவில் ஓர் அங்குல இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொன்றாகப் பிய்க்க முயல வேண்டாம். அங்கே ஒரு மாதம் மூடியோடு இருக்கட்டும். பிறகு பழக்குதல். முதல் நாள் பத்து நிமிஷம் மூடியைத் திறங்கள். பிறகு அரைமணி, ஒருமணி என்று இரண்டு மூன்று வாரத்தில் முழுவதும் திறந்துவிடலாம். புது மருமகள் வீட்டுக்குப் பழகுகிற மாதிரி மெதுவாக நடக்க வேண்டிய காரியம் இது. அவசரப்பட்டு ஒரே நாளில் திறந்தால் ஆறு மாத உழைப்பு மாலைக்குள் வாடிவிடும்.

பிறகு மூன்று அங்குலத் தொட்டி, நிழல்வலையின் கீழ் இடம். முன்பு சொன்ன கலவையோடு கொஞ்சம் கரித்துண்டு சேர்த்தால் தண்ணீர் தேங்காது. கிணற்றுச் சுவர், பழங்கோட்டைச் சுவர் வகைகளுக்குச் சுண்ணாம்பு பிடிக்கும். பழைய காரைத் துண்டு சேருங்கள். ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர் இலை நுனியைக் கருக்கும். மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். உரம் ஒரு லிட்டருக்கு அரை கிராம் 19:19:19, அதுவும் மாதம் இருமுறை போதும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம்.

தூள் இல்லாமலும் பெருக்கலாம்

சில வகைகள் நமக்கு வேலை குறைத்துக் கொடுக்கும். அடியாண்டம் காடேட்டம் என்கிற சின்னப் பெரணியின் இலை நுனி நீண்டு வளைந்து, தரையைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுக்கன்று ஆகும். அந்த நுனியை ஈரமண் தொட்டியில் ஊசியால் குத்தி நிறுத்துங்கள். வேர் பிடித்ததும் வெட்டிப் பிரியுங்கள். நெஃப்ரோலெப்பிஸ் வகைகள் கயிறு மாதிரி ஓடுதண்டு விட்டுத் தாமே பரவும்.

ஆஞ்சியோப்டெரிஸ் என்கிற பெரும்பெரணி ஓடைப்பள்ளங்களில் ஆளுயரத்துக்கு மேல் வளரும். அதன் இலைக்காம்பின் அடியில் இருபுறமும் காது மாதிரி தடித்த செதில் இருக்கும். நாற்றங்காலில் இருக்கிற செடியில், பழைய காம்பு உதிர்ந்த பிறகு அந்தச் செதிலை எடுத்து ஈர மணலில் பாதி புதைத்து வைத்தால், பல மாதம் கழித்து அதிலிருந்து கன்று வரும்.

முடவாட்டுக்காலையும் வீட்டில் பெருக்கலாம். கடையில் விற்கிற கிழங்கை வாங்க வேண்டாம். வாங்க வாங்கத்தான் பாறை மொட்டையாகும். வளர்க்கிறவர் தோட்டத்திலிருந்து, நுனி மொட்டும் ஓர் இலையுமாக நான்கு அங்குலத் துண்டு வாங்குங்கள். அதை மண்ணில் புதைக்காமல், தேங்காய் மட்டையின் மேலோ, தோட்டத்து மரக்கிளையிலோ வைத்து நாரால் கட்டுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் கட்டினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மலையில் இருக்கிற சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: காப்பிக்கு நிழல் தரும் மரங்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றின் மேல் இதைப் பயிராகவே ஏற்றலாம். அறுக்கும்போது நுனியை விட்டுவிட்டு அடித்தண்டை மட்டும் எடுத்தால், செடி தொடர்ந்து வளரும். பாறையிலிருந்து உரிப்பவருக்கு வருஷா வருஷம் தூரம்தான் கூடும்; மரத்தில் ஏற்றியவருக்கு வாசலிலேயே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று, சமவெளி நேயர்களுக்கு. சோலைக்காட்டு உச்சியில் வளரும் மரப்பெரணியைச் சேலத்து வெயிலில் வளர்க்க ஆசைப்படாதீர்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆர்க்கிட் செடி கட்டுவதற்கு மரப்பெரணியின் அடிமரத்தை அறுத்து விற்கும் பழக்கமும் உண்டு. அதற்குப் பதில் தேங்காய் மட்டை நன்றாகவே உதவும்.

இரண்டு, வீட்டில் பெருக்கிய செடியைக் கொண்டுபோய்க் காட்டில் நடாதீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், வேறு மலையின் வகை அங்கே கலந்துவிடலாம்; தொட்டி மண்ணோடு நோயும் போகலாம். அதை வனத்துறையும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து செய்ய வேண்டும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் அருட்திரு மாணிக்கம் அவர்களும் அவருடன் பணிபுரிந்தவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைத் தேடித் தொகுத்து 1992-இல் ஒரு பெரிய நூலாகக் கொண்டு வந்தார்கள். வயநாட்டில் 1981-இல் தொடங்கிய குருகுலத் தாவரச் சரணாலயத்தில், மலைக்காடுகளில் அருகிவரும் பெரணிகளை உயிரோடு வளர்த்துக் காக்கிறார்கள். உதகை அரசு தாவரவியல் பூங்காவின் பெரணி இல்லத்துக்குப் போனால் பல வகைகளை நேரில் பார்க்கலாம். நம்முடைய பங்கு, வீட்டுக்கு வேண்டியதையும் விற்பனைக்கு வேண்டியதையும் காட்டைத் தொடாமல் நாமே உண்டாக்கிக் கொள்வது. அதைச் செய்தாலே காட்டுச் செடிக்குப் பாதி பாதுகாப்பு வந்துவிடும்.

முதன்முதலில் அரிய வகையில் கைவைக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கிணற்றுச் சுவரிலோ, பழைய மதிலிலோ டெரிஸ் விட்டேட்டா என்கிற பெரணி நிச்சயம் இருக்கும். நீண்ட இலை, இருபுறமும் சீப்புப் பல் மாதிரி இலைக்கூறுகள், அவற்றின் ஓரமெல்லாம் பழுப்புக் கோடு. அதில் ஓர் இலை எடுத்துப் பழகுங்கள். ஒரு டப்பா, ஒரு இட்லிப் பானை, ஒரு கைத்தெளிப்பான், ஆறு மாதப் பொறுமை, இவ்வளவுதான் முதலீடு. கை பழகிய பிறகு அரிய வகைத் தூள் ஒரு சிட்டிகை கிடைத்தாலும் அதை வீணாக்க மாட்டீர்கள். மகளிர் குழுக்கள் இதை எடுத்துக்கொண்டால், நிழல்வலைக் கூடாரம் ஒன்றில் நல்ல சிறு தொழிலாகவே நடத்தலாம். விற்கும் தொட்டியில் "தூளிலிருந்து வளர்த்தது" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். வாங்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும். "இது பெயர்த்ததா, வளர்த்ததா?" என்று நாலு பேர் கேட்டால், சாக்கோடு மலை ஏறுகிறவர் தானாகவே குறைவார்.

மேற்கொண்டு விளக்கம் வேண்டுவோர் தங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரை அணுகலாம்.